கைத்தாங்கல் ரோபோ: எப்போது பிடிப்பது, எப்போது விடுவது

திரையின் நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் எட்டு வட்டங்கள். நடுவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 14 செ.மீ. தூரம். பக்கவாதத்தால் வலுவிழந்த கையை ரோபோவின் கைப்பிடியில் வைத்துக் கட்டியிருக்கிறது. எந்த வட்டம் ஒளிர்கிறதோ அங்கே போய்விட்டு நடுவுக்குத் திரும்ப வேண்டும். முதல் நாள் கை போன பாதையைத் திரையில் பார்த்தால் கோணல்மாணலாக இருக்கும். பாதி வழியில் நின்றுபோன கோடுகளும் உண்டு. ரோபோவின் உதவி விசையை ஏற்றிவிட்டால் ஐந்தே நிமிடத்தில் எட்டுத் திசையிலும் கோடு நேராகிவிடும். நோயாளிக்கு நம்பிக்கை வரும், கூட வந்தவர்களுக்குக் கண் கலங்கும். அந்த நேர்கோட்டில் கை போட்டது எவ்வளவு, மோட்டார் போட்டது எவ்வளவு என்பது மட்டும் திரையில் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரே வழி உதவியை அணைத்துவிட்டுப் பார்ப்பது. எட்டுத் திசைக்கும் இரண்டிரண்டு முறை, மொத்தம் 16 அசைவு, வழிகாட்டும் விசை இல்லாமல். இதை நாங்கள் வெறுங்கைச் சோதனை என்று சொல்வோம். ஒவ்வொரு நாளும் பயிற்சி தொடங்கும் முன், கை சூடேறும் முன், இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். நேற்றைய பயிற்சியில் கையோடு தங்கியது எது என்பதை இந்த 16 கோடுகள்தான் காட்டும். பயிற்சி முடிந்த கையோடு எடுக்கும் அளவை வைத்து 'கற்றுக்கொண்டார்' என்று எழுதக் கூடாது. அது அந்த நேரத்துச் செயல்திறன். ஒரு ராத்திரி தாண்டி நிற்பதுதான் கற்றல்.

இந்த வேறுபாடு ரோபோவுக்கு முந்தியது. 1984-இல் சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் எழுதிய ஆய்வுத் தொகுப்பு இதை முன்வைத்தது. பயிற்சியின்போது அடிக்கடி கிடைக்கும் வழிகாட்டல் அப்போதைய செயலைத் தூக்கி நிறுத்தும். ஆனால் கற்பவர் அதிலேயே சாய்ந்துகொள்வதால், எடுத்துவிட்டால் செயல் சரியும். 1994-இல் வின்ஸ்டீனும் சக ஆய்வாளர்களும் கையைத் தொட்டு நடத்தும் வழிகாட்டலிலும் இதே போக்கைக் கண்டார்கள்.

விஜயதசமி அன்று தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோம். எழுத்து அழகாக வரும். அடுத்த நாளே பலகையில் தனியாக எழுதச் சொன்னால் சுழி எங்கே ஆரம்பிக்கிறது என்று குழந்தைக்குத் தெரியாது. அந்தப் பிடி வீண் என்று சொல்ல மாட்டோம். எழுத்து எந்தப் பக்கம் சுழல்கிறது, எந்த இடத்தில் திரும்புகிறது என்ற முதல் உணர்வை அது தருகிறது. பத்தாவது நாளும் விரலை விடாமல் பிடித்திருப்பதுதான் தவறு.

பிடித்தே இருந்தால் கை ஏன் கற்பதில்லை? மூன்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதலாவது, பிழை. ஒவ்வொரு அசைவிலும் எங்கே தப்பியது என்பதை வைத்துத்தான் மூளை அடுத்த அசைவின் கட்டளையைத் திருத்துகிறது. 1994-இல் ஷாத்மேரும் முஸ்ஸா இவால்டியும் செய்த பரிசோதனை இதற்கு நல்ல சான்று. நேராகப் போகும் கையை ரோபோ பக்கவாட்டில் தள்ளியது. முதலில் பாதை வளைந்தது. பழகப் பழக மறுபடி நேரானது. திடீரென்று அந்த விசையை எடுத்ததும் பாதை எதிர்ப்பக்கம் வளைந்தது. தள்ளும் விசையை எதிர்பார்த்து அதற்கான பதிலை மூளை முன்கூட்டியே அனுப்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்தத் திருத்தம் நடக்கப் பிழை கண்ணுக்கோ கைக்கோ தெரிந்தாக வேண்டும். இருபுறமும் கெட்டியான சுவர் வைத்துப் பிழையே வராமல் செய்துவிட்டால், திருத்த எதுவும் இல்லை. 2000-இல் ஷைட்டும் சக ஆய்வாளர்களும் அப்படிச் சுவர் வைத்துப் பார்த்தபோது, முன்பு பழகியதும் மிக மெதுவாகத்தான் கலைந்தது. பிழை மறைந்தால் கற்பதும் நிற்கிறது, கற்றதைக் கலைப்பதும் மந்தமாகிறது.

இரண்டாவது காரணம் முயற்சி. மணிக்கட்டு அசைவை வைத்து லோட்சே குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தானாக அசைத்துப் பழகியவர்கள், அசைத்துவிடப்பட்டவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். இரண்டு தரப்புக்கும் அசைவு ஒன்றுதான்; கட்டளை எங்கிருந்து வந்தது என்பதுதான் வேறு.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. சுவருக்குள் கை போவதும், வெட்டவெளியில் கை போவதும் உடலுக்கு இரண்டு வேறு வேலைகள். சுவர் இருந்தால் பக்கவாட்டைக் கட்டுப்படுத்தவே வேண்டாம், தள்ளினால் போதும். அந்தத் தள்ளும் வேலையில் நோயாளி தேர்ந்துவிடுவார். சட்டை மாட்டவும் தட்டை எட்டி எடுக்கவும் அது உதவாது.

அப்படியானால் ரோபோவின் பிடி எங்கே பயன்படும்?

கை சுத்தமாக எட்டாத நிலையில் பயன்படும். வட்டத்தை அடையவே முடியாதவருக்குப் பிழை என்ற தகவலே கிடைப்பதில்லை, எல்லாமே தோல்விதான். அவருக்கு முதல் சில வாரம் உதவி இல்லாமல் பயிற்சியே கிடையாது. காலக்கணக்கு முக்கியமான அசைவுகளிலும் பயன்படும். எங்கே வேகமெடுத்து எங்கே தணிவது என்பதைக் கண்ணால் பார்த்துக் கற்பதைவிடக் கையால் உணர்ந்து கற்பது எளிது. 2002-இல் ஃபேகின், கீனர், டெண்டிக் மூவரும் கண்டதும் இதுவே: பாதையின் வடிவத்துக்குப் பார்வை கைகொடுத்தது, நேரத்துக்குத் தொடுவழி கைகொடுத்தது. கை எங்கே இருக்கிறது என்ற உணர்வு மங்கியவர்களுக்கும் இதில் இடம் உண்டு. வாங், கிரிபிள் குழுவினர் ஆரோக்கியமானவர்களை வைத்துச் செய்த 2012 ஆய்வில், சரியான பாதையில் கையைச் செயலற்று நடத்திக் காட்டிய பின் தானாகச் செய்தவர்கள் கூடுதலாகக் கற்றார்கள். அதில் கவனிக்க வேண்டியது, நடத்திக் காட்டுவதும் தானாகச் செய்வதும் மாறி மாறி வந்தன என்பது. காட்டிவிட்டு விட்டார்கள், பிடித்துக்கொண்டே இருக்கவில்லை.

திறன் அளவும் கணக்கில் வரும். மிலோ குழுவினர் 2010-இல் ஆரோக்கியமானவர்களிடம் நேரம் தப்பாமல் அடிக்கும் விளையாட்டு ஒன்றை வைத்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் தடுமாறியவர்களுக்கு வழிகாட்டும் விசை உதவியது; ஏற்கெனவே நன்றாக ஆடியவர்களுக்குப் பிழையைப் பெரிதாக்கும் விசை உதவியது. ஆகவே எல்லா நோயாளிக்கும் ஒரே அமைப்பை ஏற்றிவைப்பது முதல் தவறு.

உட்கார வைப்பதில் பாதி வேலை

நாற்காலி உயரத்தைச் சரிசெய்யாமல் சாஃப்ட்வேரில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. முழங்கை ஏறக்குறைய 90 பாகையில் மடங்கி, கைப்பிடி தொப்புளுக்கு நேரே, உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். தோள் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் மேசை உயரம் அதிகம். இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். குள்ளமானவருக்குக் கால் பலகை வையுங்கள். மார்புக்குக் குறுக்கே பட்டை கட்டாவிட்டால், கை நீளாத குறையை முதுகு சாய்ந்து தீர்த்துவிடும். கைப்பிடி 14 செ.மீ. போயிருக்கும்; முழங்கை விரிந்தது 5 செ.மீ. மட்டும், மிச்சம் முழுக்க முதுகின் வேலை. ரோபோவுக்குக் கைப்பிடி எங்கே என்றுதான் தெரியும், முதுகு எங்கே என்று தெரியாது. அது வெற்றி என்று மணி அடித்துவிடும். பட்டைக்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவு இடம் விடுங்கள், மூச்சு முட்டக் கூடாது.

விரல் தானாகப் பிடிக்காதவருக்கு வெல்க்ரோ பட்டையால் கையைக் கைப்பிடியோடு கட்டுவோம். மணிக்கட்டு தொங்காதபடி முன்கைத் தொட்டில் வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அவிழ்த்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். உணர்வு குறைந்த கை வலியைச் சொல்லாது.

அடுத்தது எடை. ஒருவரின் முழுக் கையின் எடை உடல் எடையில் சுமார் 5 சதவீதம். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ, அதாவது ஏறத்தாழ 30 நியூட்டன். பக்கவாதம் வந்த கையில் தோளைத் தூக்க முனைந்தாலே முழங்கை தானாக மடங்கிக்கொள்ளும் இயல்பு உண்டு. எனவே எடையைத் தாங்கிவிட்டால் அதே நோயாளியின் எட்டும் தூரம் கூடும். டிவால்டும் எல்லிஸும் இதை விரிவாக அளந்து காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் எடைத் தாங்கலையும் பாதை வழிகாட்டலையும் இரண்டு தனித்தனிக் குமிழ்களாக வைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். வெறுங்கைச் சோதனையில் அணைப்பது பாதை வழிகாட்டலை மட்டும். எடைத் தாங்கலையும் சேர்த்து அணைத்தால் கை திடுமெனக் கீழே விழும், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் தோள்மூட்டு இழுபடும். எடைத் தாங்கலை வாரக் கணக்கில் குறையுங்கள். பாதை வழிகாட்டலை அசைவுக்கு அசைவு குறையுங்கள்.

விசையின் வகைகள்

பழைய முறை, நேரத்தோடு கட்டிய இழுவை. கணினி ஒரு புள்ளியை வகுத்த பாதையில் ஓட்டும், கைப்பிடியை அந்தப் புள்ளியோடு கற்பனை ஸ்பிரிங்கால் கட்டும். புள்ளி போகும் வேகம் சீராக ஏறி இறங்க வேண்டும். ஃப்ளாஷும் ஹோகனும் 1985-இல் தந்த கணக்கின்படி உச்ச வேகம் சராசரி வேகத்தைப் போல 1.875 மடங்கு. 14 செ.மீ. தூரத்தை 1.5 விநாடியில் கடக்க வேண்டுமானால் சராசரி விநாடிக்கு 9.3 செ.மீ., நடுவழியில் உச்சம் 17.5 செ.மீ. இந்த முறையில் நோயாளி தூங்கினாலும் கை போய்ச் சேரும். கை இறுகியவர்களுக்கு மூட்டை விரித்துவிட இது நல்லது. கற்பிக்க இதுவே மிக மோசமான முறை என்பது எங்கள் கணிப்பு.

இரண்டாவது வாய்க்கால் முறை. தொடக்கத்துக்கும் இலக்குக்கும் நடுவே ஒரு வாய்க்கால், இருபுறமும் கண்ணுக்குத் தெரியாத வரப்பு. நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 1 செ.மீ. வரை விசை எதுவும் இல்லை. அதைத் தாண்டினால் மீட்டருக்கு 200 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங் போலத் திருப்பித் தள்ளும். நடுக்கோட்டிலிருந்து 3 செ.மீ. விலகியவர் வரப்பை 2 செ.மீ. தாண்டியிருக்கிறார், 4 நியூட்டன் விசையை உணர்வார். முன்னே போவது முழுக்க அவர் பொறுப்பு. இதில் வரும் கோளாறு சாய்ந்துகொள்வது. நோயாளி ஒரு பக்க வரப்பில் கையை அழுத்தியபடியே வழுக்கிக்கொண்டு போய்ச் சேருவார். பாதை நேராகத் தெரியும், பக்கவாட்டு விசையின் பதிவைப் பார்த்தால் முழு அசைவிலும் ஒரே பக்கம் 4, 5 நியூட்டன் நிற்கும். வரப்பை எடுத்ததும் கை அந்தப் பக்கமே சரிந்து ஓடும். ஆகவே பாதையை மட்டும் பதிவு செய்யும் மென்பொருளை நம்ப வேண்டாம். பக்கவாட்டு விசையும் பதிவாக வேண்டும்.

மூன்றாவது, வாய்க்காலோடு ஒரு பின்சுவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஹோகனும் கிரெப்ஸும் உருவாக்கிய எம்.ஐ.டி.-மேனஸ் கருவிக்கு 2003-இல் விவரித்த முறை இந்த வகை. நோயாளி தொடங்கியதும் பின்னால் ஒரு சுவர் சீரான வேகத்தில் நகர்ந்து வரும். அதற்கு முன்னால் போகிறவரை அது தொடவே தொடாது. பின்தங்கினால் மட்டும் முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலத் தள்ளும். வேகமாகப் போகிறவரைத் தடுக்காது, நின்றவரைக் கைவிடாது. விட்டுப் பிடிப்பது என்று நம் ஊரில் சொல்வோமே, அதைக் கருவியில் செய்துவைத்தது போல. பயிற்சிக்கு நாங்கள் முதலில் எடுப்பது இதைத்தான்.

தொடக்கத்தை யார் தீர்மானிப்பது என்பதும் முக்கியம். கைப்பிடி 1 செ.மீ. நகர்ந்த பிறகே உதவி வர வேண்டும், அல்லது கைப்பிடியில் 2 நியூட்டன் தள்ளல் உணர்ந்த பிறகு. 2 விநாடி காத்தும் எதுவும் வராவிட்டால் மட்டும் ரோபோ தொடங்கலாம். அப்படி ரோபோ தொடங்கிய அசைவுகளைத் தனியாக எண்ணுங்கள். 80 அசைவில் அது 30-ஐத் தாண்டினால் வட்டங்கள் தூரமாக இருக்கின்றன, அல்லது அவர் களைத்துவிட்டார். தூரத்தை 14-லிருந்து 10 செ.மீ. ஆக்கிப் பாருங்கள்.

விறைப்பை ஏற்றும்போது கைப்பிடி கிர்ரென்று அதிர்ந்தால் மோட்டார் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். கைப்பிடியின் இடத்தைப் படித்து விசையைக் கணக்கிடும் கட்டுப்பாட்டுச் சுற்று விநாடிக்கு எத்தனை முறை ஓடுகிறது என்று பாருங்கள். கருவிக்குள் இயல்பாக இருக்கும் தணிப்பு (வேகத்துக்கு ஏற்ப அசைவை மட்டுப்படுத்தும் தடை), விறைப்பையும் ஒரு சுற்றின் நேரத்தையும் பெருக்கி இரண்டால் வகுத்ததைவிட அதிகமாக இருக்க வேண்டும். மென்பொருளில் நீங்கள் சேர்க்கும் தணிப்பையும் அந்த வரம்போடு கூட்டிக்கொள்ள வேண்டும். மீட்டருக்கு 1000 நியூட்டன் விறைப்பு, விநாடிக்கு 1000 சுற்று என்றால் தணிப்பு 0.5 (விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு அரை நியூட்டன்) போதும். அதே விறைப்பு, 100 சுற்று என்றால் 5 வேண்டும். சிறிய கருவிகளில் அவ்வளவு இருக்காது. திரை வரைவதையும் விசைக் கணக்கையும் ஒரே நிரலோட்டத்தில் போட்டால் வேகம் 60-க்கு இறங்கிவிடும், அதிர்வு அங்கிருந்துதான் வரும். அதிர்வை அடக்கத் தணிப்பை மேலும் மேலும் ஏற்றுகிறவர்கள் உண்டு. அதுவே வரம்பை உயர்த்திவிடும், கைப்பிடியும் வெல்லப்பாகில் ஓட்டுவது போல் கனத்துவிடும்.

கை ஒதுங்கிக்கொள்ளும் கணம்

இந்தத் துறையில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. உதவி கிடைக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்ததும், அது தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். நோயாளியின் சோம்பல் என்று எண்ணிவிட வேண்டாம். ஆரோக்கியமானவர் கையும் அப்படித்தான் செய்யும், அவருக்கே தெரியாமல். பிழையும் முயற்சியும் இரண்டுமே குறைய வேண்டும் என்றுதான் நரம்பு மண்டலம் பார்க்கிறது. பிழையை ரோபோ பார்த்துக்கொண்டால், அது முயற்சியைக் குறைக்கும். வோல்ப்ரெக்ட், ரைன்கென்ஸ்மையர் குழுவினர் 2008-இல் இதை அளந்தார்கள். ரோபோ தன் உதவியைத் தானாகக் குறைக்கும் ஏற்பாடு இல்லாதபோது, கையைத் தூக்கும் வேலையில் பெரும்பகுதியை நோயாளிகள் ரோபோவிடமே விட்டுவிட்டார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கணம் தெரியும். முதல் இருபது அசைவில் வட்டம் ஒளிர்ந்ததும் நோயாளியின் தாடை இறுகும், மேற்கையின் பின்புறத் தசை துடிக்கும், அதன் பிறகுதான் கைப்பிடி நகரும். ஐம்பதாவது அசைவுக்குப் பக்கத்தில் இந்த வரிசை மாறுகிறது: கைப்பிடி முதலில் நகர்கிறது, தோள் பின்னால் வருகிறது. முழங்கைக்கு மேலே பின்புறம் இரண்டு விரலை மெல்ல வைத்துப் பாருங்கள். நீட்டும்போது அங்கே தசை கெட்டிப்பட வேண்டும். துணிப்பை போலத் தொளதொளவென்று இருந்தால், கை ரோபோவுக்குப் பின்னால் பயணம் செய்துகொண்டிருக்கிறது. திரையில் அப்போதும் நேர்கோடுதான்.

தீர்வு, உதவிக்கு மறதி வைப்பது. ஒவ்வொரு அசைவுக்குப் பிறகும் விறைப்பை 0.9-ஆல் பெருக்குங்கள், அந்த அசைவில் வந்த பிழைக்கு ஏற்பக் கொஞ்சம் கூட்டுங்கள். பிழையே இல்லாதவருக்கு 100-இல் தொடங்கிய விறைப்பு பத்து அசைவில் 35-க்கும், இருபது அசைவில் 12-க்கும் வந்துவிடும். தொடர்ந்து 2 செ.மீ. பிழை வருகிறவருக்கு, ஒரு செ.மீ. பிழைக்கு 3 என்று கூட்டினால், விறைப்பு 60-இல் போய் நிற்கும். 0.9 என்பதை 0.98 ஆக்கினால் உதவி மெதுவாகக் குறையும். அதற்குள் கை ஒதுங்கிவிடும். 0.7 ஆக்கினால் அசைவுக்கு அசைவு விசை குதிக்கும், நோயாளிக்கு எரிச்சல் வரும். ரோபோ விடும் வேகம் கை ஒதுங்கும் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதே விதி. 0.9-இல் தொடங்கி ஆளைப் பார்த்து மாற்றுங்கள்.

இதோடு, எட்டு அசைவுக்கு ஒன்று, முன்னறிவிப்பு இல்லாமல் வழிகாட்டல் இன்றி வரட்டும். எந்த அசைவு என்று ஊகிக்க முடியாதபடி கலைத்து வையுங்கள். ஒவ்வொரு எட்டாவதும் என்று வைத்தால் நோயாளி இரண்டாவது சுற்றிலேயே கண்டுபிடித்துவிடுவார். கடைசி நொடிவரை உதவி வருமா வராதா என்று தெரியாத கை, தன் பங்கைக் கைவிடாது.

உதவி குறைந்துகொண்டே வந்தால் வெற்றிகளும் குறையும், நோயாளி மனம் தளர்வார். பத்தில் ஆறேழு வெற்றியாவது வரும்படி வட்டத்தின் அளவையோ தூரத்தையோ மாற்றிக்கொள்ளுங்கள். விசையைத் திரும்ப ஏற்ற வேண்டாம். "இன்னைக்கு ரோபோ கம்மியாத்தான் உதவுது, கோடு கொஞ்சம் வளையும், அது நல்லதுதான் அண்ணே" என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கூட இருக்கும் மகனுக்கும் மனைவிக்கும் அதையே சொல்லுங்கள். நேற்றைவிட இன்று மோசம் என்று அவர்கள் முகம் வாடினால் நோயாளி அதைத்தான் முதலில் பார்ப்பார்.

பிழையைப் பெரிதாக்குவது

பத்தில் ஒன்பது முறை உதவியின்றி வட்டத்தை அடைகிறவருக்கு அடுத்த படி இது: விலகினால் இன்னும் கொஞ்சம் விலக்கித் தள்ளும் விசை. பேட்டன் குழுவினர் 2006-இல் பக்கவாதம் வந்தவர்களிடம் பார்த்தபோது, பாதை திருந்தியது பிழையைப் பெரிதாக்கிய விசையால்தான்; பிழையைக் குறைத்த விசையால் திருந்தவில்லை. செய்யும்போது விசைக்கு உச்சவரம்பு வையுங்கள், 5 நியூட்டன் போதும். வரம்பு இல்லாவிட்டால் விலகல் விசையைக் கூட்டும், விசை விலகலைக் கூட்டும், கை மேசை விளிம்புக்குப் பறந்துவிடும். தோள்வலி உள்ளவருக்கும், இறுக்கம் அதிகம் உள்ளவருக்கும் வேண்டாம். திடீர் இழுப்பு இறுக்கத்தைத் தூண்டிவிடும். அவர்களுக்குத் திரையில் தெரியும் விலகலை மட்டும் ஒன்றரை மடங்காகக் காட்டலாம், கையைத் தொடவே வேண்டியதில்லை.

பெரிய ஆய்வுகள் சொன்னது

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில் 127 பேர். ரோபோ குழுவுக்கு 12 வாரத்தில் 36 அமர்வு, ஒரு அமர்வில் ஆயிரத்துக்கும் மேல் அசைவு. 12 வார முடிவில் வழக்கமான சிகிச்சையைவிட ரோபோ உறுதியாக முந்தவில்லை. 36-ஆவது வாரத்தில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அதே அளவு அசைவைத் தெரபிஸ்ட் கையால் செய்யவைத்த குழுவும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றது. பிரிட்டனில் 770 பேரை வைத்து நடந்த ராட்டுல்ஸ் ஆய்வு 2019-இல் வந்தது. மூன்று மாதத்தில் கைப் பயன்பாட்டில் இலக்கை எட்டியவர்கள் ரோபோ குழுவில் 44 சதவீதம், கூடுதல் கைப்பயிற்சிக் குழுவில் 50, வழக்கமான சிகிச்சையில் 42. இந்த வித்தியாசங்கள் முடிவு கட்டப் போதுமானவை அல்ல. கை அசைவை அளக்கும் ஃபுகல்-மேயர் மதிப்பெண்ணில் ரோபோ குழு வழக்கமான சிகிச்சையைவிடக் கொஞ்சம் முன்னேறியது. அன்றாட வேலைகளுக்கு அது போய்ச் சேரவில்லை.

இதைப் பார்த்து ரோபோவே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. மேசைத் தளத்தில் வட்டத்திலிருந்து வட்டத்துக்குப் போய்வந்த கை, அலமாரியிலிருந்து டம்ளரை எடுக்கத் தானாகவே கற்றுக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பைத்தான் விட வேண்டும். 45 நிமிட அமர்வில் ரோபோவுக்கு 25 நிமிடம், அதைத் தொடர்ந்து உடனே 15 நிமிடம் உண்மைப் பொருள்: டம்ளர், சீப்பு, துண்டு, சட்டைப் பொத்தான். ரோபோவில் முழங்கையை நீட்டப் பழகிய அதே திசையில், அதே தூரத்தில், டம்ளரை வையுங்கள். மிச்ச 5 நிமிடம் கட்டவும் அவிழ்க்கவும் போய்விடும்.

எதை எழுதிவைப்பது

ஃபுகல்-மேயர் கை அளவு 66-க்கு, பொருள் எடுத்து வைக்கும் ஏ.ஆர்.ஏ.டி. 57-க்கு. இரண்டையும் மாதம் ஒருமுறை, முடிந்தால் பயிற்சி தராத இன்னொருவர் எடுக்கட்டும். தினசரி அளவு வெறுங்கைச் சோதனையின் 16 கோடுகளிலிருந்து: நேர்கோட்டிலிருந்து அதிகபட்ச விலகல், போய்ச்சேர ஆன நேரம், வேகக் கோட்டில் எத்தனை மேடு. ஆரோக்கியமான கைக்கு ஒரே மேடு. விட்டு விட்டுப் போகும் கைக்கு ஐந்தாறு. மேடுகளை எண்ணுவதைவிட நுட்பமான அளவு வேண்டுமானால், அசைவு எவ்வளவு சீராக இருக்கிறது என்று கணக்கிடும் ஸ்பார்க் (SPARC) இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் சிவகுமார் பாலசுப்ரமணியனும் சக ஆய்வாளர்களும் வளர்த்தெடுத்தது. எண் எதிர்மறையாக வரும்; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க அசைவு சீராகிறது என்று பொருள். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பது அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. மெதுவாகச் செய்யும் நோயாளியையும் வேகமாகச் செய்பவரையும் ஒரே அளவுகோலில் வைக்கலாம்.

வாரம் ஒருமுறை, பயிற்சியில் இல்லாத இரண்டு இலக்குகளையும் சோதனையில் சேருங்கள்: எட்டுத் திசைக்கு நடுவே விழும் ஒரு திசை, 18 செ.மீ. தூரத்தில் ஒன்று. பழகிய எட்டில் மட்டும் முன்னேறி, இந்த இரண்டில் அப்படியே நின்றால், அவர் பாதைகளை மனப்பாடம் செய்திருக்கிறார். அடுத்த வாரம் இலக்குகளைக் கலைத்து, ஒவ்வொரு முறையும் வேறு தூரத்தில் வையுங்கள்.

கருவியின் பூஜ்ஜிய நிலையைத் தினமும் காலையில் சரிபார்க்க மறக்க வேண்டாம். கைப்பிடியை யாரும் தொடாமல் நடுவில் விட்டால் அது அங்கேயே நிற்க வேண்டும். ஒரு பக்கம் மெல்ல ஊர்ந்தால் விசை உணரியின் பூஜ்ஜியம் நகர்ந்திருக்கிறது, அல்லது மேசை சாய்ந்திருக்கிறது. அந்த ஊர்தலை நோயாளியின் கை நாள் முழுக்க எதிர்த்துப் பழகும். அன்றைய வெறுங்கைச் சோதனையில் எல்லாக் கோடும் ஒரே பக்கம் வளைந்தால், நோயாளியைப் பார்க்கும் முன் மேசையில் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள்.